குளவி கட்டிய தூளி

ஜெர்மன் மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் ஒரு ஜெர்மன் புத்தகத்தை ஏறக்குறைய இரண்டு வருடம் படித்தவன் நான். சும்மா புரட்டியதைத்தான் படித்தேன் என்று சொல்லிக்கொள்கிறான் என நினைக்க வேண்டாம். பேனாவால் அடிக்கோடு போட்டுப் படித்தேன். நீளமான சொல்லாக இருந்தால் முக்கியமான சொல்லாக இருக்கும் என்று ஒரு கணக்கு. அந்த மொழியில் முக்கால்வாசிச் சொல் நீளம்தான் என்பது பாதிப் புத்தகம் நீலமாகிப்போன பிறகு தெரியவந்தது.

எண்பதுகளின் கடைசியில் திருச்சுழி கரண்டு ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். கரண்டு இருக்கிறவரை எங்களை யாரும் கண்டுகொள்வதில்லை. போய்விட்டால் ஊரே வந்து விசாரிக்கும். இப்படிப்பட்ட உத்தியோகத்தில் மனிதனுக்கு வேறு ஏதாவது ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது. சிலர் சீட்டாடினார்கள். ஒருவர் ஹோமியோபதி பார்த்தார். எனக்குக் குளவி வாய்த்தது.

வாய்க்கவைத்தவர் ஒரு கத்தோலிக்கச் சாமியார். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழர். குருமடத்தில் சேர்ந்து, ஜெர்மனிக்குப் போய்ச் சில வருடம் படித்துத் திரும்பி, நரிக்குடிப் பக்கம் ஒரு பங்குக் கோயிலுக்கு வந்திருந்தார். நாலு பேர் முன்னால் நான் அவரை 'ஃபாதர்' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். ஆட்கள் நகர்ந்ததும் இரண்டு பேரும் 'ஏலே'யில் இறங்கிவிடுவோம். ஜெர்மனியில் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் தேனீ வளர்த்தவராம். ஊருக்குக் கிளம்பும்போது பாசத்தோடு தடித்த புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். சாமியாருக்கோ தேன் என்றாலே குமட்டும். ஆகவே அந்தப் புத்தகம், அவர் அறையின் ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாதபடி முட்டுக்கொடுக்கும் வேலையில் இருந்தது. ஆடிக் காற்றில் ஒருநாள் நான் அதை உருவ, ஜன்னல் என் விரலை நசுக்கியது. எனக்கும் அதற்குமான உறவு அப்படித் தொடங்கியது.

போலந்து எல்லையை ஒட்டி, ஜெர்மனியின் கிழக்கு மூலையில் லௌசிட்ஸ் என்று ஒரு சின்னச் சீமை. அங்கே தேனீயையும் குளவியையும் யார் யார் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள் என்கிற வரலாறுதான் முழுப் புத்தகமும். ராஜா கிடையாது. யுத்தம் வருகிறது, ஆனால் அதில் எந்த ஊரில் எந்தப் பூச்சிப் பெட்டி எரிந்துபோனது என்பதோடு யுத்தத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. மாலை நேரங்களில் சாமியார் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு எனக்காகத் தமிழில் சொல்லிவருவார். கூலி, அருப்புக்கோட்டையிலிருந்து நான் வாங்கிப்போகும் காராச்சேவு. சேவு தீர்ந்துவிட்டால் அந்தச் சீமையில் அன்றைக்கு ஆராய்ச்சி நின்றுவிடும்.

கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. பார்த்தவர்கள் எல்லாம் கிராமத்துப் பாதிரியார்கள், வாத்தியார்கள், மருந்துக்கடைக்காரர்கள். வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஊர். மீதி நாளில் பிழைப்பைப் பார்க்காமல், சுவரில் ஒரு ஓட்டைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே போனது எது, வெளியே வந்தது எது என்று பார்த்திருக்கிறார்கள். ஒருவர் செத்தால், அவர் பூச்சிகளை ஊசியில் குத்தி வைத்த பெட்டிகள் அடுத்தவர் வீட்டுக்குப் போகின்றன. அவர் அதே சுவருக்கு எதிரே ஸ்டூலைப் போடுகிறார். இருநூறு வருடத்துக்கு மேல் இப்படியே. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை. எங்கள் ஆபீசில் ஒருவர் ரிட்டையர் ஆனால் அவருடைய மேஜைச் சாவிகூட அடுத்தவருக்கு வந்து சேருவதில்லை. ஒரு பூச்சியின் பொருட்டு மனிதர்கள் இத்தனை தலைமுறை கைமாற்றிக் கைமாற்றிக் கண்ணை விழித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தபடி சைக்கிளில் திரும்பும்போது, சீமைக்கருவேலங் காட்டுக்கு மேலே இருந்த வானம்கூட எனக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

மண்குளவியைப் பற்றிய பகுதி வந்தபோது என் பள்ளிக்கூட வாழ்க்கையே சரிந்தது. குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிவந்து கூட்டுக்குள் அடைத்து, கொட்டிக் கொட்டி, ரீங்காரம் போட்டுத் தன்னைப்போல் குளவியாக்கிவிடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இதை நம்பித்தான் வாத்தியார்கள் எங்கள் தலையில் கொட்டினார்கள். என்னை நிறையக் கொட்டினார்கள்; நான் கிளார்க் ஆனேன். லௌசிட்ஸ்காரர்களோ மண்கூட்டைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். புழு குளவியாவதில்லை. உள்ளே குளவியின் சொந்த முட்டை இருக்கிறது. அது பொரிந்துவரும் குஞ்சுக்குத் தீனிதான் அந்தப் புழு. கொன்றுபோட்டால் அழுகிவிடும் என்று, சாகாமலும் நகராமலும் கிடக்கும் அளவுக்கு மட்டும் அளந்து கொட்டியிருக்கிறது. ஐஸ்பெட்டி எங்கள் தெருவுக்கே வராத காலம் அது. ஓர் ஈக்கு அண்ணன் அளவே இருக்கிற பிராணி கெடாத கறி வைக்கும் வழி கண்டுபிடித்துவிட்டதே என்று நான் வாயைப் பிளந்தேன். சாமியார் அந்த வாயில் ஒரு சேவைப் போட்டார்.

இனி எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. திருச்சுழியில் அவர் வீட்டின் பின்கட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். பரளச்சியில் அவருக்குக் கரிசல் காடு, பருத்தி, மிளகாய். மகன் மிளகாய் லோடு ஏற்றிக்கொண்டு லாரியோடு போய்விடுவான். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் குடும்பம் நடத்தினான். மருமகள் வந்து பல வருடமாகியும் பிள்ளை இல்லை. அவளுடைய தங்கை நரிக்குடிப் பக்கம் ஒரு ஊரில் பிரசவத்தோடு இறந்துபோக, பிறந்த பெண்பிள்ளை அப்போது நடக்கத் தொடங்கியிருந்தது. அதன் தகப்பனுக்கு மறுகல்யாணப் பேச்சு நடந்தது. அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து தானே வளர்க்க வேண்டும் என்பது மருமகளின் ஒரே ஆசை. எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அதே பேச்சு.

வீட்டுக்காரர் ஒப்பவில்லை. அவர் கொடுமைக்காரர் இல்லை. அவருடைய கவலை குலசாமி. பிள்ளை வேறு குலசாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை. நாளைக்கு வருசப் பொங்கல் வைக்கும்போது அது எந்தச் சாமி முன்னால் நிற்கும் என்று கேட்டார். மகனைக் கேட்டால், "அய்யா சொன்னாச் சரி" என்று லாரிச் சாவியை எடுத்துக்கொள்வான்.

அந்த வருடம் கார்த்திகை மழைக்குப் பிறகு, முன்கட்டுக் கதவு நிலையில் ஒரு மண்குளவி வந்து கூடு கட்டியது. சின்னச் சொம்பு கவிழ்த்ததுபோல் அவ்வளவு திருத்தமான கூடு. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை வரும் என்பது ஐதீகம். மாமியார்க்காரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, யாரும் அந்தப் பக்கம் ஒட்டடைக் குச்சியை நீட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். காலண்டர் பக்கத்திலேயே தொங்கியதால் தேதி கிழிப்பதும் நின்றுபோனது. அந்த வீட்டில் வெகுநாள் ஒரே தேதி நடந்தது.

மருமகள் அந்த ஐதீகத்தை வேறு பக்கமாகத் திருப்பினாள். மார்கழியில் ஒரு மத்தியானம் மாமனாருக்குச் சோறு பரிமாறும்போது சொல்லியிருக்கிறாள்:

"பச்சப் புழுவத் தூக்கியாந்து வச்சு, அதத் தன் பிள்ளையா ஆக்கிருது பாத்தீகளா மாமா. எந்தக் குலசாமின்னா கேட்டுச்சு?"

மனிதர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். அவர் மனுஷப் பேச்சுக்கு மசியாதவர். ஆனால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் விதைப்பைத் தள்ளிவைப்பார். குளவி சொன்னால் கேட்கக்கூடிய ஆள். இலையில் கையை வைத்துக்கொண்டே, "கரண்டாபீசுத் தம்பி குளவிப் புஸ்தகம் படிக்காருல்ல, வரச் சொல்லு" என்றார்.

பரிமாறும்போது நடந்த பேச்சு எனக்குத் தெரியாது. ஃபியூஸ் போட மட்டுமே என்னைக் கூப்பிட்டுப் பழகிய ஊரில், ஒரு பெரிய மனுஷர் குளவியைப் பற்றி விளக்கம் கேட்கிறார். எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. குளவி புழுவைப் பிள்ளையாக்குவது நிசமா என்பதுதான் கேள்வி. ஒரு சொல்லில் முடிகிற பதிலுக்கு நான் லௌசிட்ஸ் சீமை முழுவதையும் கொண்டுவந்து அவர் இலையில் கொட்டினேன். பாதிரியார்கள், ஸ்டூல், சுவரில் ஓட்டை, அளந்து கொட்டும் சாமர்த்தியம், எதையும் விடவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் புழு?" என்றார்.

"அது தீனிங்கய்யா" என்றேன், ரொம்பச் சந்தோஷமாக.

மருமகள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் இலையை மடித்தார். "தீனியாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, "எந்த ஊருல பாத்தது?" என்று கேட்டார். லௌசிட்ஸ் என்றேன். "லூசா?" என்றார். அன்றிலிருந்து அந்த மகத்தான பிரதேசம் எங்கள் வீட்டில் லூசுச் சீமை ஆயிற்று.

பின்கட்டுக்கு வந்த பிறகுதான் நடந்ததை மனைவி எனக்கு விளக்கினாள். "ஒங்க வாய்க்கு ஒரு ஃபியூஸ் கட்டை இருந்தா அப்பவே புடுங்கி வச்சிருப்பேன்" என்றாள். மருமகள் கிணற்றடியில் எதிர்ப்பட்டபோது முகம் கொடுக்கவில்லை. நரிக்குடிப் பக்கமிருந்து வந்த சேதியும் சரியில்லை. பிள்ளையைத் தூரத்து உறவு ஒன்றின் வீட்டில் விடப்போவதாகப் பேச்சு.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் ஓடினேன். ஏதாவது பார்த்துச் சொல், இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நான் ஆயுசுக்கும் எமன் என்றேன்.

"பொய் சொல்லச் சொல்லுதியாலே? நான் சாமியாரு" என்றார்.

பொய் வேண்டாம், புத்தகத்தில் பார் என்றேன். வெகுநேரம் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். முகம் கோணியது. பெரிய சங்கதி ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் கண்டுபிடித்தவர் புராட்டஸ்டண்டு என்றார். அந்த மனவருத்தத்தை அடக்கிக்கொண்டு அவர் சொன்னது இது. இருநூறு வருடத்துக்கு முன்னால், அந்தச் சீமையில் ஒரு கிராமத்துப் போதகர். ராணி இல்லாத தேனீக்களை, வேலைக்காரத் தேனீக்களாக வளரவேண்டிய பிஞ்சுப் புழுக்கள் இருந்த தேனடைத் துண்டோடு ஒரு பெட்டிக்குள் அடைத்துவைத்தார். தேனீக்கள் அந்தப் பிஞ்சுகளில் சிலதைத் தேர்ந்தெடுத்து, பெரிய அறை கட்டி, வேறு ஊட்டம் கொடுத்து வளர்த்தன. ராணி வந்தது. அதாவது, ராணி என்பது பிறப்பில் இல்லை. எந்தப் புழுவையும் எடுத்து, எப்படி ஊட்டி வளர்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஊட்டியதும் அதைப் பெற்ற தாய் இல்லை. போதகர் இதைச் சொன்னபோது படித்தவர்கள் பலர் நம்பவில்லையாம். ராஜாக்கள் பிறப்பால் நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், கிராமத்துப் போதகர் ஒருவர் மரப்பெட்டியைத் திறந்து காட்டி, 'ராணியைச் செய்யலாம்' என்றிருக்கிறார். சேவுகூட அப்படியே இருந்தது.

வீட்டுக்காரரிடம் போய் இதைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். "ஒருக்காத் தீனிங்கீக, ஒருக்கா ராணிங்கீக. லூசுச் சீமையில இருக்கது இருக்கட்டும் தம்பி. நம்ம நெலையில இருக்கதைத் தொறந்து பாத்துட்டுப் பேசுவோம்" என்றார்.

மாமியார்க்காரி கதவுக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டார். வருகிற பிள்ளையைக் கலைக்கவா என்று கேட்டார். நான் பின்வாங்கினேன். அப்போது மருமகள் வந்தாள். என்னோடு அத்தனை நாளாகப் பேசாதவள்.

"ஒடைங்கண்ணே. உள்ள என்ன இருக்குன்னு தெரியாமயே எத்தன நாளைக்குக் கும்பிட்டுக்கிட்டு இருக்க" என்றாள்.

மாமியார் ஒதுங்கி வழிவிட்டார்.

அதற்குள் அந்தக் குளவி முதல் கூட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி வாயை அடைத்திருந்தது. ஈரம் அப்போதுதான் காய்ந்திருந்தது. முகச்சவரப் பிளேடைத் தண்ணீரில் நனைத்து, புதுக் கூட்டின் வயிற்றுப் பக்கத்தை மெள்ள அறுத்தேன். மண்ணில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. கூடவே சில பச்சைப் புழுக்களும் தரையில் விழுந்தன. வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தொட்டால் லேசாக நெளிந்தது, நகரவில்லை. "இது நம்ம பருத்திக் காய்ப்புழுல்ல" என்றார். எத்தனை முறை மருந்தடித்தும் சாகாத அவருடைய பரம எதிரி. அதை ஒவ்வொன்றாகப் பிடித்து, மயக்கி, அவர் வீட்டு நிலைக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது ஒரு குளவி. அவர் குரலே மாறிவிட்டது.

பிறகு டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தோம். மிச்சப் புழுக்கள் அடியில் சுருண்டு கிடந்தன. அவற்றுக்கு மேலே, கூட்டின் கூரையிலிருந்து, தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழை. அதன் நுனியில் ஒரே ஒரு முட்டை தொங்கிக்கொண்டிருந்தது. புழுக்கள் நெளிந்தால் நசுங்கிவிடக் கூடாது என்று, எட்டாத உயரத்தில். கதவைத் தொட்ட அசைவுக்கு அது மெள்ள ஆடியது.

புத்தகத்தில் இதற்குப் படம் இருந்தது; பேனாவால் அதைச் சுற்றி வட்டம்கூடப் போட்டிருந்தேன். ஆனால் படம் ஆடவில்லை. எங்கோ பனிச்சீமையில் ஒருவர் முதன்முதலாக ஒரு கூட்டைப் பிளந்து இதைப் பார்த்த கணத்தில் அவருக்கு மூச்சு நின்றிருக்கும் அல்லவா, அதே இடத்தில் எனக்கும் நின்றது.

"தூளியில்ல கட்டியிருக்கு" என்றார் மாமியார்க்காரி, மெதுவாக.

மருமகள் என்னிடம், இதன் ஆத்தா மறுபடி வருமா என்று கேட்டாள். வராது, மூடியதோடு அதன் வேலை முடிந்தது, பிள்ளையின் முகத்தை அது பார்ப்பதே கிடையாது என்றேன். அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். "பெத்தது பாக்காதாம் மாமா" என்றாள்.

கூட்டை உடைத்தாகிவிட்டது. அடைக்காவிட்டால் எறும்பு வந்துவிடும். கீழே விழுந்த புழுக்களை அதற்குள் எறும்பு இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. மருமகள் புதுச் சட்டையின் கழுத்துப்பட்டியில் வைத்துவரும் கண்ணாடி பிளாஸ்டிக்கைத் தேடி எடுத்து வெட்டி, அறுத்த இடத்தில் வைத்து, ஓரத்தில் ஈரமண் குழைத்துப் பூசினாள். கூட்டுக்கு ஜன்னல் கிடைத்தது. தீனி குறையுமே என்றேன். மறுநாள் பரளச்சியிலிருந்து வந்த வீட்டுக்காரர் தூக்குவாளியைத் திறந்து காட்டினார். உள்ளே பருத்தி இலையில் காய்ப்புழுக்கள். குளவி மாதிரி அளந்து கொட்ட நமக்கு வராது என்பதால், தலையை மட்டும் நசுக்கிவிட்டு உள்ளே தள்ளவேண்டும். அந்த நசுக்கும் பொறுப்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தனை வருட வயிற்றெரிச்சல்.

முட்டை பொரிந்தது. குஞ்சு இழையை விடாமல் தலைகீழாகத் தொங்கியபடியே முதல் புழுவைக் கடித்தது. புழு நெளிந்தால் சட்டென்று மேலே ஏறிக்கொண்டது. நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டாணி அளவு இடத்தைப் பார்த்தோம். அப்புறம் இழையை விட்டு இறங்கித் தின்றது, பெருத்தது, அசையாமல் கிடந்தது. வெள்ளையாக இருந்ததில் கண் முதலில் கறுத்தது. பிறகு இடுப்பு ஒடுங்கியது. மஞ்சள் பட்டை விழுந்தது. வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்ப்பேன். பேரேட்டில் யூனிட் கூட்டும்போதும் அந்த இடுப்புதான் ஞாபகத்தில் இருக்கும். வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்தால் காலைக் கழுவுவதற்கு முன் நிலைக்குத்தான் போனார். அங்கே ஒரு ஸ்டூலும் வந்து சேர்ந்திருந்தது. யார் கொண்டுவந்து போட்டது என்று தெரியாது. லௌசிட்ஸ்காரர்களின் வரிசையில், அவர்களுக்கே தெரியாமல், பரளச்சிக் கரிசல்காட்டு மனுஷர் ஒருவரும் உட்கார்ந்துவிட்டார்.

மாசியில் ஒரு காலை. மருமகள் எல்லோரையும் கூப்பிட்டாள். உள்ளே குளவி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அவள் பிளாஸ்டிக்கை நகத்தால் நெம்பி எடுத்தாள். அது விளிம்புக்கு வந்து நின்றது. முன்காலால் முகத்தைத் துடைத்தது. உலகத்தில் தன்னைப்போல் இன்னொன்றை அது பார்த்ததில்லை. மண் பிசைய, புழு பிடிக்க, அளந்து கொட்ட, தூளி கட்ட, எதையும் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் அந்தக் கடுகுத் தலைக்குள் மடித்து வைத்திருந்தது. எங்கள் தலைகளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெயிலுக்குள் போய்விட்டது.

வீட்டுக்காரர் அது போன திசையைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நரிக்குடி பஸ்ஸு எப்ப?" என்று கேட்டார். பொழுது சாய்கையில் தோளில் ஒரு பெண்பிள்ளையோடு வந்து இறங்கினார். குலசாமியை என்ன செய்வது என்று மாமியார்க்காரி கேட்டபோது, "நம்ம சாமிக்கு முடி எறக்கிட்டா நம்ம பிள்ள. அம்புட்டுத்தான்" என்றார், அந்த யோசனை எப்போதும் தன்னிடம் இருந்ததுபோல.

பங்குனியில் குலசாமி கோயிலில் முடியிறக்கினார்கள். மொட்டைத்தலையில் சந்தனத்தோடு பிள்ளை பந்திக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாமியாரும் வந்திருந்தார், கறிச்சோற்றின் முன் எல்லா மதமும் சம்மதம் என்பது அவர் கொள்கை. எனக்கு மனம் பொங்கியது. இலை போட வந்த மருமகளிடம், இருநூறு வருடத்துக்கு முன் எங்கோ ஒரு சீமையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தப் பிள்ளை இந்த வீட்டில் இல்லை, அதைத் தெரிந்து சொல்ல ஓர் ஆளும் இல்லாவிட்டால் அதுவும் இல்லை என்று, அந்த ஆள் யார் என்பதை அவளே ஊகித்துக்கொள்ளும்படி, கொஞ்சம் நீளமாகவே பேசினேன்.

அவள் சிரித்துக்கொண்டே கறியை வைத்தாள்.

"மாமா அன்னைக்குக் கேட்டப்ப நீங்க ஆமான்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தீகன்னா, பிள்ள பொங்கலுக்கே வந்திருக்கும்ண்ணே" என்றாள்.